வாவிப் பேஜ் போத்தலுக்குள் ஏன் சாகிறது?

கேள்வி: மட்டக்களப்பு வாவி நீரிலிருந்து, இறால் குஞ்சைத் தாக்கும் விப்ரியோ பற்றீரியாவைக் கொல்லும் பேஜ் வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தேன். முதல் நாள் மில்லிலீற்றருக்கு 10 கோடி. காய்ச்சி வடித்த நீரில் ஐதாக்கி யன்னலோரத்தில் வைத்தேன். மூன்று வாரத்தில் சில ஆயிரந்தான் மிச்சம். எங்கே பிழை?
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: முதல் சந்தேகம் காய்ச்சி வடித்த நீரில்தான். பேஜின் தலைக்குள் டி.என்.ஏ. நெருக்கிச் சுருட்டப்பட்டிருக்கிறது. மறையேற்றம் கொண்ட அந்த இழை தன்னைத் தானே தள்ளாதபடி அடக்கிவைப்பவை மக்னீசியம் போன்ற அயன்கள். உவர்நீரில் கிடந்ததைச் சட்டென்று தூய நீரில் விட்டால், உப்பு வெளியேறுமுன் நீர் உள்ளே புகுந்து தலை வெடித்துவிடக்கூடும்.

பேஜைப் பாதுகாக்கப் பாவிக்கும் எஸ்.எம். என்ற உப்புக் கரைசலில் ஐதாக்குங்கள். 1 லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 5.8 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள மக்னீசியம் சல்பேற்று 2 கிராம், பிஎச் மாறாமல் காக்கும் ட்ரிஸ் (பிஎச் 7.5, 1 மோலர்) 50 மில்லிலீற்றர், 2 சதவீத ஜெலற்றின் 5 மில்லிலீற்றர். 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் (அமுக்க நீராவியால் கிருமி நீக்கம்) செய்யவேண்டும். முகத்துவாரம் மூடியிருக்கையில் எடுத்த நீரும் மாரி வெள்ளத்தில் எடுத்த நீரும் உவர்ப்பில் ஒன்றல்ல. எடுத்த அன்றே உவர்ப்பை அளந்து, அதற்கேற்பக் கரைசலில் உப்பைக் கூட்டுங்கள். சிட்ரேற்று, ஈ.டி.டி.ஏ. கிட்டவும் வரக்கூடாது, மக்னீசியத்தைப் பிடுங்கிவிடும்.

யன்னற் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். நம்மூர் வெயிலின் சூடும் சேர்கிறது. கபில நிறக் கண்ணாடிப் போத்தல், 4 பாகை, இருட்டு. இப்படி வைத்தால் பல பேஜ்கள் மாதக்கணக்கில் நிற்கும்.

பொலிபுரொப்பிலீன் குழாயா பாவித்தீர்கள்? சில பேஜ்கள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாகாமலே எண்ணிக்கை விழும். நுரை வருமளவு குலுக்குவதும் கெடுதி. பற்றீரியா வளராதிருக்கக் குளோரோபோம் சேர்ப்பதானால், முன்பே சிறிதளவில் சோதியுங்கள், கொழுப்புறை உள்ள பேஜ் அதில் அழிந்துவிடும்.

காரணத்தைப் பிரித்தறிய, புதிதாக வளர்த்த பேஜை நான்காகப் பிரியுங்கள். எஸ்.எம். கரைசலில் மூன்று: ஒன்று கண்ணாடியில் குளிரிலும் இருட்டிலும், ஒன்று கண்ணாடியில் யன்னலோரத்தில், ஒன்று பிளாத்திக்குக் குழாயில் குளிரில். நான்காவது காய்ச்சி வடித்த நீரில், கண்ணாடியில், குளிரிலும் இருட்டிலும். 1 மணி நேரத்திலும் 1, 3, 7ஆம் நாள்களிலும் எண்ணுங்கள். நான்காவது முதல் மணி நேரத்திலேயே விழுந்தால் நீர்தான் குற்றவாளி.

கேள்வி: பேஜை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் உருகி உறையும். உறையும் நீர் உப்பை ஒதுக்கிச் செறிவாக்க, பேஜின் புரதம் சிதையும். 25 சதவீதக் கிளிசரோல் கலந்து, அரை மில்லிலீற்றராகப் பிரித்து, மறை 80 பாகையில் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.