டெங்கு வார்டில் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்கள் வார்டில் ஒரு திருநங்கை டெங்குவோடு சேர்ந்தார். ஆண்கள் வார்டில்தான் கட்டில் கொடுத்திருந்தார்கள். கேஸ் எடுக்கப் போனபோது எங்கள் பேட்ச் பையன் ஒருவன், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பதற்கு முன்பே, “ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எங்களுக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது ஐயா. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். மாணவர்களைக் குறை சொல்வது நியாயமா? அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

யாரும் சொல்லித்தரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தப்பாகச் சொல்லித்தந்திருக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தடயவியல் மருத்துவப் பகுதியில், எதிர்பாலின உடை அணிவதும் பிணத்தோடு உறவு கொள்வதும் ‘பாலியல் வக்கிரங்கள்’ என்று ஒரே பட்டியலில் இருந்தன. இத்தனைக்கும், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர்நீதிமன்றத்தில் இந்தப் பாடங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பிய பிறகு, 2021 அக்டோபரில் இதே ஆணையம்தான் தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் முதலான பால்புதுமையினரை இழிவுபடுத்தும் பகுதிகள் புத்தகங்களில் இருக்கக்கூடாது என்று கல்லூரிகளுக்கு எழுதியது. மூன்றே வருடத்தில் அது மறந்துபோனது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5 அன்று அந்தப் பாடத்திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். பழைய புத்தகத்தில் படித்த பேராசிரியர்களிடமிருந்து அதை யார் வாபஸ் வாங்குவது?

ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது புத்தகம் இல்லையே. கர்ப்பப்பை எடுத்த ஒரு பெண் டெங்குவோடு வந்தால், முதல் வார்த்தையாக அவர் உடம்பைப் பற்றிச் சிரித்துக்கொண்டே கேட்பீர்களா? கேட்கக்கூடாது என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஆனால் தெரியும். அந்தத் தெரிதல் ஒரு திருநங்கையின் கட்டிலருகே மட்டும் எங்கே போகிறது?

உண்மையில் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. “தினமும் மாத்திரை, ஊசி ஏதாவது எடுக்கிறீர்களா?” டெங்குவில் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறதா என்பதை ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுவதை வைத்துக் கண்டுபிடிப்பது உங்களுக்குத் தெரியும். அதன் இயல்பு அளவு ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. ஹார்மோன் எடுக்கும் திருநங்கைக்கு அது பெரும்பாலும் பெண்களின் அளவுக்கு இறங்கியிருக்கும். ரிப்போர்ட்டில் ‘ஆண்’ என்று போட்டு ஆண்களின் அளவோடு ஒப்பிட்டால், ஏறியிருப்பது கண்ணுக்குத் தப்பலாம். காரணத்தைச் சொல்லி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சுவரைப் பார்த்துத் திரும்பியவரிடம் யார் கேட்பது? இப்படி அவமானப்பட்டவர்கள் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்.

2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. பாலின மாற்று அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறோம். காய்ச்சலுக்கு வருகிறவரிடம், எந்த வார்டில் படுக்க வசதியாக இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கட்டில் ஒதுக்குவது மாணவர் கையில் இல்லை, சரி. ஆனால் சிஸ்டரிடமோ டியூட்டி டாக்டரிடமோ போய்ச் சொல்லலாம்.

திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 15வது பிரிவு மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. அது நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு மனப்பான்மை, அறம், உரையாடல் என்றே தனி வகுப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஒரு திருநங்கையையும் ஒரு திருநம்பியையும் அழைத்துப் பேச வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேஸாக நிறுத்தி வைக்க வேண்டாம். ஆசிரியராக வரட்டும், மற்ற விருந்தினர்களுக்குத் தருவதுபோல மதிப்பூதியமும் தரட்டும்.

மன்னிப்பு பற்றி. கேஸ் ஷீட்டில் இருக்கும் நம்பரை எடுத்து அவரை அழைக்காதீர்கள். சிகிச்சைக்காகக் கொடுத்த நம்பர் அது. ரிவ்யூவுக்கு வந்து நீங்கள் பார்க்க நேர்ந்தால், முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பேச விரும்பினால், அன்றைக்கு நாங்கள் நடந்துகொண்டது தப்பு என்று சொல்லுங்கள். அந்தப் பையனிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடுங்கள், அடுத்த போஸ்டிங் தொடங்குவதற்குள்.