நுவரெலியாவில் 72, கல்முனையில் 88: சிப் பிழையா?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “என் கணினியின் ரைசன் 5 3600 புரொசசர் சிப்பை எல்லாக் கோர்களிலும் 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டில் ஓடவிட்டிருக்கிறேன். பெட்டியோடு வந்த கூலர்தான். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையில் 88 பாகை வருகிறது. நுவரெலியாவில் மச்சானிடம் அதே சிப், அதே கூலர், அதே செட்டிங், 72ஐத் தாண்டுவதில்லை. எனக்குக் கிடைத்தது மோசமான சிப்பா?”

இல்லை தம்பி. மச்சானின் அறை எவ்வளவு சூடு என்று கேட்டீர்களா? அங்கே 18 பாகை என்று வையுங்கள். உங்கள் அறையில் மத்தியானம் 33 இருக்கும். 88இல் 33 போனால் 55. 72இல் 18 போனால் 54. இரண்டும் ஒரே சிப் மாதிரித்தான். அறைக் காற்றைக் கழிக்காமல் இரண்டு ஊர்ச் சிப்பை ஒப்பிடவே கூடாது. கணினிப் பெட்டி காற்றை உள்ளே இழுக்கும் பக்கம் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.

சரி, 88 ஆபத்தா? இந்தச் சிப்பின் உச்ச வரம்பு 95. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற நாளில் அறை 36க்குப் போனால் சிப் 91இல் நிற்கும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் தூசும் உப்பீரமும் ஹீட்சிங்க் இடுக்கில் அப்பிக்கொள்ளும், அதற்கும் இடம் விட வேண்டும். நானென்றால் வேகத்தை 4.1 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, 1.25 வோல்ட்டில் நிற்குமா என்று பார்ப்பேன். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. இந்த வோல்டேஜ் குறைப்பு மட்டுமே ஏறக்குறைய 14 சதவீதத்தைக் குறைக்கும். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் போனது கேமில் கண்ணுக்கே தெரியாது.

ஸ்திரமாக நிற்கிறதா என்பதற்கு “கேம் கிராஷ் ஆகவில்லை” என்பது போதாது. சிப்பைக் கசக்கிப் பார்க்கும் பிரைம்95 மென்பொருளை ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள், அதுவும் பகல் 2 மணிக்கு. மார்கழி மழை இரவில் சோதித்து “பாஸ்” என்று நானும் ஒருமுறை நிம்மதியாய்ப் படுத்தவன்தான்; சித்திரையில் அதே செட்டிங்கில் பிரைம்95இன் ஒரு வேர்க்கர் (அது பிரித்து ஓட்டும் கணக்குகளில் ஒன்று) பிழை காட்டி நின்றது. மெஷின் தொங்கவில்லை, ஆனாலும் அது தோல்விதான். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வியா (WHEA) என்ற வன்பொருள் பிழைகள் விழுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இப்படிக் கையால் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக்கே வேண்டாம், ஆட்டோவில் விட்டு வோல்டேஜை மட்டும் மைனஸ் ஓஃப்செட்டில் (சிப் தானாக எடுக்கும் வோல்டேஜில் கொஞ்சம் கழித்து) குறைக்கலாம் என்று நினைத்தால், அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. வோல்டேஜ் போதாவிட்டால் இந்தச் சிப் கிராஷ் ஆகாமல் உள்ளுக்குள் மெதுவாகிவிடும். திரையில் காட்டும் கிளாக் வேகம் குறையாது, சினிபெஞ்ச் ஸ்கோர்தான் இறங்கும். ஒவ்வொரு படிக்கும் வெப்பத்தோடு ஸ்கோரையும் குறித்து வையுங்கள். ஸ்கோர் சரியத் தொடங்கினால் ஒரு படி மேலே வந்துவிடுங்கள்.