கணினியும் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தேன். கணினித் தகவல் முறைமைகள் படிக்க விருப்பம். கணிதப் பிரிவு படிக்காததால் பின்தங்கி விடுவேனா?
– மாணவி, ஓமந்தை

இல்லை. கணினி விஞ்ஞானத்தில் கணிதம் ஆழமாக வரும். தகவல் முறைமைகளில் வீதம், சராசரி, அடிப்படைப் புள்ளிவிபரம், தர்க்கம் போதும். ஒரு கடையில் எழுதப்படும் சிட்டை எங்கே போகிறது, யார் கையொப்பமிடுகிறார், எந்தக் கணக்கில் பதிவாகிறது என்பதுதான் இங்கே பாடம். வரவும் செலவும் தெரிந்த உங்களுக்கு அது பாதி தெரிந்த விடயம்.

விருப்பத்தெரிவு எழுதும்போது கற்கைநெறியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தையே எடுங்கள். 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமான அங்கே வியாபாரக் கற்கைகள் ஒரு பீடம், தகவல் தொழில்நுட்பம் பிரயோக விஞ்ஞான பீடத்தில். பீடம் மாறினால் அனுமதித் தகைமையும் மாறும். அந்த வருடத்துக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாடச் சேர்க்கையைச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

குழுச் செயற்றிட்டமாக ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு முறைமை செய்கிறோம். இன்று விலையை மாற்றினால் போன கிழமைச் சிட்டைகளின் தொகையும் மாறுகிறது. ஒரே கமக்காரர் பட்டியலில் இரண்டு தரம் வருகிறார். எங்கே பிழை?
– மூன்றாம் வருட மாணவர், கிளிநொச்சி

விலையை நெல் வகை அட்டவணையில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். சிட்டையைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் முறைமை இன்றைய விலையால் பெருக்குகிறது. உதாரணமாக 2,480 கிலோ நாட்டு நெல், கிலோ 120 ரூபாய் என்றால் 297,600 ரூபாய். விலையை 125 ஆக்கியதும் அதே சிட்டை 310,000 காட்டும். கொடுத்த காசுக்கும் புத்தகத்துக்கும் 12,400 ரூபாய் இடிக்கும்.

அன்றைய விலையைச் சிட்டை வரியிலேயே எழுதிச் சேமியுங்கள். ‘ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்றுதானே படித்தோம்’ என்று தோன்றும். இன்று கொடுக்கும் விலை ஒரு தகவல், அன்று கொடுத்த விலை வேறொரு தகவல். தகவலை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் முறையாகக் கணினி விஞ்ஞானி கோட் 1970 இல் முன்வைத்த உறவுசார் மாதிரியை இந்தச் சேமிப்பு மீறவில்லை.

நிறையிலும் இதே கவனம் வேண்டும். சாக்கு நிறை, மொத்த நிறை, ஈரப்பதன், கழிவு நான்கையும் தனித்தனி நிரல்களில் வையுங்கள். கழித்த பின் வரும் தேறிய நிறையை மட்டும் சேமித்தால், கமக்காரர் கேட்கும்போது காட்ட எதுவும் இராது. நெல் சந்தைப்படுத்தல் சபையின் ஈரப்பதன் எல்லை 14 வீதம். நெல் 18 வீதமாக இருந்தால் 4 வீதம் வெட்டிவிடுவது பலர் செய்யும் பிழை. ஈரம் போக மிஞ்சும் பங்கு 18 வீதத்தில் 82, 14 வீதத்தில் 86. ஆகவே 2,480 ஐ 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 2,365 கிலோ வரும். நேரே 4 வீதம் வெட்டினால் 2,381. பதினாறு கிலோ வித்தியாசம்! ஆனால் உங்கள் நிலையம் மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறதென்றால், முறைமையில் அந்த வழக்கமே வரவேண்டும். முதலாளியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கமக்காரர் இரட்டிப்பதற்குக் காரணம் அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொருவரையும் பிரித்தறியும் நிரலாக, வைத்ததுதான் என்று நினைக்கிறோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒருவரே இரண்டையும் காட்டலாம். பழைய இலக்கத்தின் எழுத்தை நீக்கி, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 செருகி, முன்னால் 19 போட்டால் புதிய வடிவம் கிடைக்கும். அப்படி மாற்றி ஒப்பிடுங்கள். முதன்மைச் சாவி நீங்களே கொடுக்கும் கமக்காரர் இலக்கமாக இருக்கட்டும். அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் எழுத்து வகை நிரலில் இருக்கவேண்டும். எண்ணாக வைத்தால் எக்செல் 12 இலக்கத்தைச் சுருக்கிக் காட்டும், தொலைபேசியின் முதல் 0 விழுந்துவிடும்.

பழைய பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததா என்றும் பாருங்கள். பாமினியில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. தேடவும் வரிசைப்படுத்தவும் முடியாது. முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஏற்றுங்கள்.

அட்டவணை வரையும் முன்பே காலபோகம், சிறுபோகம் இரண்டிலுமாக முப்பது பழைய சிட்டைகளை வாங்கி மேசையில் பரப்பிப் பார்த்திருந்தால் இவற்றில் பாதி அங்கேயே தெரிந்திருக்கும். இனியும் பிந்தவில்லை. கோடு போட்டு வெட்டிய சிட்டைகளையும் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகளையும் விடாதீர்கள். கடன், முற்பணம், திருப்பி எடுத்த மூடை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் செய்த சிட்டை முறைமையைப் பரிசோதிக்கும்போது மின்சாரம் நின்றது. சிட்டை இருக்கிறது, அதன் வரிகள் இல்லை.
– வாசகர், ஒட்டுசுட்டான்

சிட்டைத் தலைப்பையும் வரிகளையும் தனித்தனியாகச் சேமித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதாக ஏறும் அல்லது ஏறாமலே விடும் ஒரே தொகுதிக்குள், வைத்து, கடைசி வரி ஏறிய பின் மட்டும் உறுதிப்படுத்தும் கட்டளை கொடுங்கள். இடையில் மின் நின்றால் முழுவதும் நீங்கிவிடும், பாதி மிஞ்சாது. நீங்கள் பாவிக்கும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் அட்டவணைகள் இன்னோடிபி வகையாக இருக்கவேண்டும். மைஐசாம் வகை பரிவர்த்தனையை ஏற்காது.

என்ன மடிகணினி வாங்கலாம்?
– வாசகி, மாங்குளம்

8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தால் பாவித்ததே போதும். பழைய வன்தட்டு இருந்தால் அதை மாற்றுவதற்கே முதலில் காசு ஒதுக்குங்கள்.