அப்லெட்டை விடுங்கள், சுவிட்சிடம் கேளுங்கள்

கேள்வி: கொக்குவிலில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னேரமானால் இன்டர்நெட் ஊர்கிறது. எந்தக் கணினி எவ்வளவு எடுக்கிறது என்று காட்ட, பிரவுசருக்குள் ஓடும் சின்னப் புரோகிராமான ஜாவா அப்லெட் ஒன்று எழுதத் தொடங்கினேன். கோட் எல்லாம் ஒரே ஜாவா கிளாஸில் கிடக்கிறது, வரைபடமும் அடிக்கடி உறைந்துபோகிறது. எப்படிப் பிரித்து எழுதலாம்?

பதில்: முதலில் அப்லெட்டை விட்டுவிடுங்கள். குரோம் 2015இலும் பயர்பாக்ஸ் 2017இலும் ஜாவா பிளகினைக் கைவிட்டுவிட்டன. ஓடிய காலத்திலும் இந்த வேலைக்கு அது தோதுப்படாது. கையொப்பமிடாத அப்லெட், தான் இறங்கி வந்த சேர்வரைத் தவிர வேறெதோடும் பேச முடியாது.

சாதாரண ஜாவா புரோகிராமாக எழுதி, ஒரு கணினியில் ஓட விடுங்கள். எண்ணிக்கையை எடுப்பது ஒரு கிளாஸ், சேர்த்து வைப்பது இன்னொன்று, காட்டுவது மூன்றாவது. காட்டுவதற்கு பிரவுசரில் ஒரு பக்கம் போதும். ஜாவாவுடனேயே வரும் சின்ன எச்டிடிபி சேர்வர் அதைக் கொடுக்கும். வரைபடம் உறைவது, பதிலுக்குக் காத்திருக்கும் வேலையைத் திரை வரையும் திரெட்டிலேயே (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலைத் தொடர்) செய்வதால்தான் இருக்கும். அந்த வேலையை வேறு திரெட்டுக்குப் பிரித்தால் அது தானாகப் போய்விடும்.

கஷ்டமெல்லாம் எண்ணிக்கை எடுப்பதில். பக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை) பிடித்துப் பார்க்கலாம் என்றால், மற்றக் கணினிகளின் பக்கெட்டுகளை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் உங்களிடம் அனுப்பாது. உங்களுக்கு அவை தேவையுமில்லை. எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்கும் முறை) தெரிந்த சுவிட்ச் ஒன்று இருந்தால், கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் போன வந்த பைட்டுகளை அதுவே எண்ணி வைத்திருக்கும். எஸ்என்எம்பி4ஜே நூலகத்தால் சில விநாடிக்கு ஒருமுறை (ஐந்து என்று வையுங்கள்) கேட்டு, முந்தைய எண்ணைக் கழித்து, உண்மையில் கழிந்த நேரத்தால் வகுங்கள். ஐந்து விநாடி என்று நினைத்து வகுத்தால் வரைபடத்தில் பொய் மேடுகள் வரும். இன்னொன்று: சுவிட்சுக்கு 'வெளியே' போவதுதான் மாணவரின் கணினிக்குத் தரவிறக்கம். இதை மாற்றிப் போடாதவர் குறைவு.

பைட்டுகளை எண்ணும் பழைய கவுண்டர்கள் 32 பிட். 4,294,967,295ஐத் தொட்டதும் பூச்சியத்துக்குத் திரும்பும். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகம் முழுதாக ஓடினால் ஆறு நிமிடம்கூட ஆகாது. சுவிட்ச் தருமென்றால் 64 பிட் கவுண்டரையே கேளுங்கள்: தரவிறக்கத்துக்கு அதன் எஸ்என்எம்பி முகவரி 1.3.6.1.2.1.31.1.1.1.10, கடைசியில் சுவிட்ச் அந்தப் போர்ட்டுக்குக் கொடுத்திருக்கும் எண். ஆனால் கரண்ட் போய் வந்தாலும் எண் பூச்சியம்தான். அதை, சுற்றி வந்ததாக எடுத்துக் கணக்குப் பார்த்தால் இல்லாத ஜிகாபைட்டுகள் முளைக்கும். ஒவ்வொரு முறையும் சுவிட்ச் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது குறைந்திருந்தால் அந்த முறைக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள்.

குறித்த இடைவெளியில் வேலையை ஓட்டும் ஜாவாவின் ஷெட்யூலரில் ஒரு குழி இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடும் வேலையில் ஒரே ஒரு எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) பிடிபடாமல் வெளியே போனாலும், அதன் பிறகு அது ஓடாது, சத்தமும் போடாது. எண்ணிக்கை எடுக்கும் மெதட் முழுவதையும், பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்சுக்குள் வையுங்கள்.

யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்று துருவ வேண்டாம். அது வேறு வேலை, பிள்ளைகளிடம் சொல்லாமல் செய்யவும் கூடாது.

முதலில் ஒரே ஒரு போர்ட்டுக்கு எழுதுங்கள். அந்தக் கணினியில் அளவு தெரிந்த பெரிய கோப்பு ஒன்றை இறக்குங்கள். உங்கள் எண் கோப்பின் அளவைவிடச் சில சதவீதம் கூட வந்தால் சரி, அது பக்கெட்டுகளின் தலைப்புப் பகுதி. குறைய வந்தால் கழித்தலைத் திரும்பப் பாருங்கள்.