இளம் வயதிலேயே வேகம் இழந்த விண்மீன்

அன்புள்ள ஐயா,

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் நியூட்ரான் விண்மீன்கள் பிறக்கும்போதே படுவேகமாகச் சுழலும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் ஒன்றைப் பற்றிப் படித்தேன். துணை விண்மீன் இல்லாமல் தனியாக இருக்கும் அதன் வேகத்தை எது குறைத்தது? வயதாகிவிட்டதா?

அன்புள்ள நண்பருக்கு,

வயது காரணமாக இருந்தால் எனக்கு அதன்மேல் இவ்வளவு ஈடுபாடு வந்திருக்காது. நீங்கள் சொல்வது ஆர்சிடபிள்யூ 103 என்ற சூப்பர்நோவா எச்சத்தின், அதாவது வெடித்த விண்மீன் விட்டுச்சென்ற வாயு மேகத்தின், நடுவில் இருக்கும் விண்மீன். வயது சுமார் 2000 ஆண்டுகள்தான். விண்மீன் கணக்கில் கைக்குழந்தை. ஒரு சுற்றுக்கு 6.67 மணி நேரம். 1054-இல் வெடிப்பு தெரிந்த நண்டு நெபுலாவின் விண்மீனோ இன்றும் நொடிக்கு 30 முறை சுழல்கிறது.

சுழலும் காந்தம் ஆற்றலை இழப்பதால் வேகம் குறைவது வழக்கமான கதை. அந்தக் கணக்கை இங்கே போட்டால், மேக்னட்டார்களுக்கு (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்களுக்கு) இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவான காந்தப்புலம் தேவைப்படுகிறது. நடக்கிற காரியமில்லை.

எனக்குச் சரியாகப் படுவது வேறு விளக்கம். வெடிப்பில் சிதறிய எல்லாமே தப்பிப் போவதில்லை. கொஞ்சம் திரும்பி வந்து விண்மீனைச் சுற்றி ஒரு வட்டாகச் சேர்கிறது. அதிலிருந்து உள்ளே இறங்கும் வாயு, விண்மீனோடு சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்கிறது. புலத்தின் வேகம் அதிகம் என்பதால் வாயு உள்ளே விழாமல் வெளியே வீசப்படுகிறது. மழையில் நனைந்த குடையைச் சுழற்றிப் பாருங்கள்: தெறிக்கும் ஒவ்வொரு துளியும் குடையின் சுழற்சியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். இங்கே தெறிப்பது வாயு, நின்றுபோகும் அளவுக்குத் தளர்வது விண்மீன்.

இதற்கு வலுவான காந்தம் வேண்டுமே? 6.67 மணி என்பது ஏதோ ஒரு ஜோடி ஒன்றையொன்று சுற்றிவரும் நேரம் என்றுகூடப் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் 2016 ஜூனில் இதே விண்மீன் மேக்னட்டார்களுக்கே உரிய எக்ஸ்-கதிர் வெடிப்பைக் காட்டியது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அதைப் பிடித்தது. ஆக, வலுவான காந்தம் அங்கே இருக்கிறது. செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, அந்த வட்டு? வேறொரு மேக்னட்டாரான 4யூ 0142+61-ஐச் சுற்றி அப்படி ஒன்று இருப்பதற்கான அகச்சிவப்பு ஒளியை ஸ்பிட்சர் தொலைநோக்கி கண்டது. அது வெளியானது 2006-இல்.