பல பேர் வைத்திருக்கும் ஸ்ட்ரிங்கை யார் ஃப்ரீ செய்வது?

கேள்வி: சி-யில் ஒரு சர்வீஸ் எழுதியிருக்கிறேன். பல சர்வர்களின் லாக் வரிகளை வாங்கி அலசும்; நாள்கணக்கில் நிற்காமல் ஓடும். ஒரே சர்வர் பெயரும் ஒரே யூஆர்எல்லும் ஆயிரக்கணக்கான வரிகளில் வருகின்றன. ஒவ்வொன்றையும் ஸ்ட்ர்டப்பால் நகலெடுத்து அங்கங்கே ஸ்ட்ரக்ட்களில் வைக்கிறேன். மெமரி ஏறிக்கொண்டே போகிறது. நகல் எடுக்காமல் பாயின்டரை மட்டும் பகிர்ந்தால் டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இருமுறை ஃப்ரீ செய்வது) வருகிறது. மாறாத ஸ்ட்ரிங்குக்கு ரெஃபரன்ஸ் கவுன்ட் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) வைத்தால் தீருமா? கவுன்ட்டை எங்கே வைப்பது, எப்போது ஏற்றி எப்போது இறக்குவது? பிறகு த்ரெட் சேர்த்தால் என்ன ஆகும்?

பதில்: தீரும். உங்கள் புரோகிராம் ஒரு ஃபைலைப் படித்து, கணக்குச் சொல்லி, முடிந்துபோகும் ரகமாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஒரு ஹாஷ் டேபிளில் பெயருக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகக் காலி செய்தால் போதும். நாள்கணக்கில் ஓடுகிறது, பழைய பெயர்கள் போய்ப் புதியவை வருகின்றன என்பதால்தான் கவுன்ட் தேவைப்படுகிறது.

கவுன்ட்டை எங்கே வைப்பது என்பது எளிய பகுதி. ஒரே மால்லாக்கில் எல்லாம் அடங்க வேண்டும்: முதலில் கவுன்ட், அடுத்து நீளம், அடுத்து ஹாஷ் (எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட, தேட உதவும் எண்), கடைசியில் எழுத்துகள். சி99 தரும் அளவு குறிக்காத அரே ஸ்ட்ரக்ட்டின் கடைசி உறுப்பாக இதற்கென்றே இருக்கிறது. பிஎச்பி 7-இன் உள் ஸ்ட்ரிங்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: கவுன்ட், ஹாஷ், நீளம், எழுத்துகள். தலைப்பகுதியின் அளவு, எழுத்துகளின் நீளம், கடைசி சுழி பைட்டுக்கு ஒன்று, இவ்வளவையும் கூட்டிக் கேளுங்கள். நீளம் நெட்வொர்க்கிலிருந்து வருவதானால் கூட்டல் வழிந்து சின்ன எண்ணாகிவிடாதபடி முன்கூட்டியே சோதியுங்கள். நீளத்தைத் தனியாக வைத்திருந்தாலும் கடைசி சுழியை விட்டுவிடாதீர்கள். பிரின்ட்எஃப், எஃப்ஓப்பன் எல்லாம் அதைத்தான் தேடும்.

ஜிலிப் என்ற சி நூலகத்தின் 2.58-ஆம் பதிப்பில் வந்த ரெஃப் ஸ்ட்ரிங் வேறு வழியில் போகிறது. கவுன்ட்டை எழுத்துகளுக்கு முன்னால் ஒளித்துவைத்து, வெளியே வெறும் கேரக்டர் பாயின்டரைக் கொடுக்கிறது. எங்கு வேண்டுமானாலும் நேராகக் கொடுக்கலாம் என்ற வசதி உண்மைதான். ஆனால் கம்பைலர் கண்ணுக்கு அது சாதா ஸ்ட்ரிங். யாராவது பழக்கதோஷத்தில் ஃப்ரீ என்று எழுதினால் எச்சரிக்கைகூட வராது. நீங்கள் ஏற்கெனவே டபுள் ஃப்ரீயோடு மல்லுக்கட்டுவதால், ஹெடரில் பெயரை மட்டும் அறிவித்து உள்ளமைப்பை மறைத்த தனி ஸ்ட்ரக்ட்டையே தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் வேண்டுபவர் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு கான்ஸ்ட் பாயின்டராக வாங்கிக்கொள்ளட்டும். ஸ்ட்ர்டோக் போல, இருக்கும் எழுத்தின் மேலேயே எழுதும் ஃபங்ஷன்களிடம் அதைத் தவறிக் கொடுத்தால் கம்பைலரே கத்தும்.

'மாறாத' என்று நீங்கள் சொன்ன நிபந்தனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி தலைவலி அதனால்தான் தீருகிறது. 1960-இல் ஜார்ஜ் காலின்ஸ் முன்வைத்த இந்த எண்ணும் முறைக்கு என்றைக்குமான பலவீனம், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே சாகாமல் கிடக்கும் வளையம். எழுத்துகளை மட்டும் வைத்திருக்கும் ஸ்ட்ரிங் வேறு எதையும் பிடிப்பதில்லை, ஆகவே வளையமே கிடையாது. ஹாஷை ஒருமுறை கணக்கிட்டால் போதும். மாற்ற வரும்போது மட்டும் நகல் எடுக்கும் பகிர்வு ஸ்ட்ரிங்கை ஜிசிசி கம்பைலரின் சி++ நூலகம் வெகுகாலம் வைத்திருந்தது. சி++11 விதிகளோடு ஒத்துப்போகாததால் 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது புதிய வடிவத்துக்கு மாறியது. மாற்றமே இல்லாத ஸ்ட்ரிங்கில் அந்தச் சிக்கல் எழாது.

இனி ஏற்றுவதும் இறக்குவதும். கவுன்ட்டை ஏற்றும் ஃபங்ஷனை 'பிடி' என்றும், இறக்கி, சுழியானால் ஃப்ரீ செய்யும் ஃபங்ஷனை 'விடு' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து பத்து வரிகூட வராது. எந்த ஃபங்ஷன் தருவதை நீங்கள் விட வேண்டும், எது இரவல் (நீங்கள் விட வேண்டாதது), எது வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தீர்மானித்து ஹெடரில் எழுதிவைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஆப்பிளின் கோர் ஃபவுண்டேஷன் என்ற சி நூலகத்தில் இதைப் பெயரிலேயே தைத்துவிட்டார்கள்: பெயரில் கிரியேட் அல்லது காப்பி இருந்தால் விடுவது உங்கள் பொறுப்பு, கெட் இருந்தால் இரவல். பைத்தானின் சி இடைமுகத்தில் அப்படி ஒரே விதி இல்லை. பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் பழைய ஃபங்ஷன் இரவல் தரும். பட்டியலில் வைக்கும் ஃபங்ஷனோ உங்கள் பிடியைத் தனதாக்கிக்கொள்ளும். ஆவணத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். பைத்தான் 3.13-இல், இரவல் தராமல் சொந்தப் பிடியே தரும் ஃபங்ஷனைப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் புரோகிராம் புதிது. ஆக்குவதும் தேடி எடுப்பதும் எப்போதும் பிடியோடுதான் தரும்; ஆர்குமென்ட்டாகப் போவது எப்போதும் இரவல்; ஸ்ட்ரக்ட்டில் வைக்கிறவர் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு விலக்கே வேண்டாம்.

தேடி எடுப்பதை ஏன் இரவலாக வைக்கக் கூடாது? இதைப் பாருங்கள். பதிவுகளை வைத்திருக்கும் ஒரு டேபிளிலிருந்து சர்வர் பெயரை இரவலாக எடுக்கிறீர்கள். அடுத்த வரியில் 'பழைய பதிவுகளை நீக்கு' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள். அது அந்தப் பதிவையே நீக்க, டேபிளிடம் இருந்த ஒரே பிடியும் போய் ஸ்ட்ரிங் ஃப்ரீ ஆகிறது. மூன்றாவது வரியில் அதே பெயரை லாகில் அச்சிடுகிறீர்கள். சோதனையில் இது பெரும்பாலும் சரியாகவே ஓடும், ஏனென்றால் ஃப்ரீ ஆன இடத்தில் இன்னும் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். லோடு ஏறிய பிறகுதான் லாகில் குப்பை வரும்.

ஸ்ட்ரக்ட்டில் ஒரு உறுப்பை மாற்றும் ஃபங்ஷனிலும் ஒரு குழி இருக்கிறது. பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிப்பதுதான் கைக்கு வரும் வரிசை. பழையதும் புதியதும் ஒரே ஸ்ட்ரிங், அதன் கவுன்ட் ஒன்று என்றால்? விட்டதும் சுழியாகி ஃப்ரீ. அடுத்த வரி செத்த மெமரியில் கவுன்ட் ஏற்றும். முதலில் புதியதைப் பிடியுங்கள், உறுப்பில் வையுங்கள், கடைசியாகப் பழையதை விடுங்கள். 'இரண்டும் சமமா' என்ற தனிச் சோதனை தேவையில்லை, வரிசையே போதும். 'விடு' எதையும் சுட்டாத (NULL) பாயின்டரைக் கண்டால் பேசாமல் திரும்பட்டும். பிழை நேரும் வழிகளில் கோட் பாதியாகக் குறையும்.

உங்கள் மெமரிக் கணக்குக்கு வருகிறேன். கவுன்ட் மட்டும் வைத்தால் நகல்கள் தானாகக் குறையாது. ஒரே பெயர் ஆயிரம் வரியில் வந்தால் ஆயிரம் தனி ஸ்ட்ரிங் ஆகும், ஒவ்வொன்றின் கவுன்ட்டும் ஒன்று. ஒரே பெயருக்கு ஒரே ஸ்ட்ரிங் என்று பார்த்துக்கொள்ளும் டேபிளும் கூடவே வேண்டும். அந்த டேபிள் பிடித்துவைத்தால் எதுவும் சாகாது. ஆகவே டேபிள் பாயின்டரை மட்டும் கவுன்ட் ஏற்றாமல் வைத்திருக்க, கவுன்ட் சுழியானதும் ஃப்ரீ செய்வதற்கு முன் 'விடு' அதை டேபிளிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் டேபிளில் போடாதீர்கள். லூவா மொழி 40 பைட் வரையுள்ள ஸ்ட்ரிங்குகளைத்தான் அப்படிப் பகிர்கிறது. சர்வர் பெயரைப் போடுங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு நீண்ட வால் உள்ள யூஆர்எல் மறுபடி வருவது அபூர்வம், அதைத் தேடும் செலவுதான் மிச்சம்.

லாக் வரியை ஒரு ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டு, சர்வர் பெயரை அதன் ஒரு துண்டாகச் சுட்டினால் நகலே வேண்டாமே என்று தோன்றும். ஜாவாவின் சப்ஸ்ட்ரிங் அப்படித்தான் இருந்தது. சின்னத் துண்டு ஒன்று முழுப் பெரிய ஸ்ட்ரிங்கையும் பிடித்துக்கொண்டு கிடந்ததால், 2012-இல் ஜாவா 7-இன் 6-ஆவது அப்டேட்டில் நகல் எடுக்கும்படி மாற்றிவிட்டார்கள். 12 பைட் பெயருக்காக 4,000 பைட் வரியை உயிரோடு வைத்திருக்காதீர்கள்.

காலி ஸ்ட்ரிங், 'தெரியாது' போன்ற நிரந்தர ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு தனி எண்ணைக் கவுன்ட்டாக ஒதுக்கி, அதைக் கண்டால் ஏற்றவும் இறக்கவும் வேண்டாம் என்று வையுங்கள். ரெடிஸ் டேட்டாபேஸ், பைத்தான் 3.12 இரண்டுமே இப்படிச் சாகாத பொருள்களை வைத்திருக்கின்றன. கவுன்ட்டில் எழுதுவதற்கு முன்னாலேயே அந்தச் சோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் படிக்க மட்டுமே உரிய மெமரியில் கை வைத்து விழும்.

த்ரெட் சேர்க்கும் நாளில் கவுன்ட்டை, பல த்ரெட்கள் ஒரே சமயம் மாற்றினாலும் கணக்குத் தவறாத சி11 அட்டாமிக் எண்ணாக மாற்றுங்கள். ஏற்றுவதற்கு மிகத் தளர்வான ரிலாக்ஸ்ட் மெமரி வரிசை போதும். பிடி ஏற்கெனவே கையில் இருப்பவர்தான் ஏற்றுகிறார். இறக்குவதற்கு ரிலீஸ் வேண்டும், சுழியைக் கண்டவர் ஃப்ரீ செய்யும் முன் அக்வயர் வேண்டும். மற்ற த்ரெட்கள் கடைசியாகப் படித்ததெல்லாம் முடிந்த பிறகே மெமரி போக வேண்டும் அல்லவா.

ஆனால் அட்டாமிக் காப்பது கவுன்ட்டை மட்டும். பாயின்டர் இருக்கும் உறுப்பை அது காக்காது. ஒரு த்ரெட் உறுப்பிலிருந்து பாயின்டரைப் படிக்கிறது, இன்னும் ஏற்றவில்லை. அந்த இடைவெளியில் மற்றொன்று உறுப்பை மாற்றிப் பழையதை விடுகிறது. முதல் த்ரெட் செத்ததைப் பிடிக்கிறது. படிப்பதும் பிடிப்பதும் ஒரே பூட்டுக்குள் (மியூடெக்ஸ்) நடக்கட்டும். டேபிளிலும் இதே கதைதான். கவுன்ட் சுழியாகி, டேபிளிலிருந்து எடுப்பதற்குள் வேறொரு த்ரெட் அதைக் கண்டெடுக்கலாம். பூட்டைப் பிடித்துக்கொண்டு 'சுழி இல்லையென்றால் மட்டும் ஏற்று' என்று கேளுங்கள். சுழி என்றால் புதிதாக ஒன்று ஆக்கி அதே இடத்தில் வையுங்கள். செத்துக்கொண்டிருப்பது டேபிளிலிருந்து எடுக்கும்போதும் பூட்டைப் பிடித்து, அங்கே இருப்பது தான்தானா என்று பார்த்துவிட்டே எடுக்க வேண்டும், இல்லையேல் புதியதைத் தூக்கிவிடும்.

சோதிக்கும் பில்டில், ஃப்ரீ ஆன மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைஸரை ஓட விடுங்கள், மேலே சொன்ன இரவல் பிழையையும் வரிசைப் பிழையையும் வரி எண்ணோடு காட்டிவிடும். மெமரியை மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாகத் தரும் சொந்த மெமரி பூல் உங்களிடம் இருந்தால் அந்த பில்டில் அணைத்துவிடுங்கள். பூலுக்குள் திரும்பிய துண்டு உயிரோடு இருப்பதாகவே சானிடைஸர் நினைக்கும். விட மறந்ததைக் கண்டுபிடிக்க, புரோகிராம் முடியும்போது டேபிளில் மிஞ்சிய பெயர்களை அவற்றின் கவுன்ட்டோடு அச்சிடுங்கள்.