கான்டெஸாவுக்கு எந்த இன்ஜின் போடலாம்?

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரியில் பட்டறை நடத்தும் நம் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

அப்பா வாங்கிய 1986 மாடல் கான்டெஸா கார் எங்களிடம் இருக்கிறது. 1.5 லிட்டர் பெட்ரோல், நாலு கியர். நீலப் புகை தள்ளுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. பின்சக்கரத்தை ஓட்டும் ரியர் வீல் டிரைவ் வண்டி என்பதால் இதையே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்க ஆசை. நண்பர்கள் டொயோட்டாவின் 2ஜேஇசட் என்ற பெரிய பெட்ரோல் இன்ஜினைப் போடச் சொல்கிறார்கள். எங்கள் மெக்கானிக் குவாலிஸ் டீசல் இன்ஜினே போதும் என்கிறார். தக்காளி மண்டி வேலையாக அடிக்கடி சேலம் போகிறவன் நான். எதைப் போடுவது, ஐயா?
– வாசகர், பாலக்கோடு

தம்பி, முதலில் இருக்கிற இன்ஜினைப் பார்த்துவிடுவோம். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு கைடு, வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஹெட்டை மட்டும் இறக்கிச் செய்கிற வேலை அது. ஏறும்போது லோடில் தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேய்ந்து போயிருக்கும். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். இது தெரியாமல் இன்ஜினை இறக்காதீர்கள்.

ரேடியேட்டரையும் பாருங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். அதை வருஷக்கணக்கில் ஊற்றினால் உள்ளே உப்பு கட்டி, குழாய்கள் பாதி அடைத்துவிடும். இங்கே மேட்டில் சூடாகிற பழைய வண்டிகளில் பலவற்றுக்கு நோய் இதுதான். அடைத்த ரேடியேட்டருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய இன்ஜினை வைத்தாலும் அதுவும் கொதிக்கும்.

சரி, இன்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என் பதில் ஒன்றுதான்: இசுசு 1.8 பெட்ரோல். கான்டெஸா 1984-ல் வந்தபோது அதில் இருந்தது உங்களிடம் இருக்கிற 1,489 சி.சி. இன்ஜின்தான். சுமார் 50 குதிரைத்திறன். அந்தப் பெரிய உடம்புக்கு அது போதவில்லை. அதனால்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே பிறகு 1,817 சி.சி. இசுசு இன்ஜினை ஐந்து கியரோடு இதே வண்டிக்குக் கொடுத்தது. அது 88 குதிரைத்திறன். அதே இசுசு 1.8 குடும்பம்தான் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் வந்தது. ஆகவே தேடினால் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு இரண்டிலும் சொல்லி வையுங்கள்.

வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்கி வராதீர்கள். கான்டெஸாவிலிருந்தே இறக்கிய முழு செட்டாகக் கேளுங்கள்: கியர் பாக்ஸ், பெல் ஹவுசிங், மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு, புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம். இன்ஜின் மாற்றுவதில் பணத்தைத் தின்பது இன்ஜின் இல்லை, இந்தச் சில்லறைகள்தான். அம்பாசடரிலிருந்து வந்த இன்ஜினாக இருந்தால், அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி (சம்ப்) உங்கள் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் (கிராஸ் மெம்பர்) இடிக்கிறதா, மவுண்டிங் ஒத்துவருகிறதா என்று பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் பேலன்ஸ் பார்க்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள். வெறும் வெல்டிங் பட்டறையில் ஒட்டிய ஷாஃப்ட் எண்பதைத் தாண்டினால் வண்டியையே உதற வைக்கும்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன 2ஜேஇசட். அது அருமையான இன்ஜின், அதில் சந்தேகமே இல்லை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். டர்போ வகைக்கு ஜப்பானில் சொன்ன கணக்கே 280 பி.எஸ்., அதாவது ஏறக்குறைய அத்தனை குதிரைத்திறன். இடம் பற்றாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. கான்டெஸாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் வண்டியிலிருந்து வந்தது. அந்த உடம்பிலேயே 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் போட்டு வென்டோரா என்ற பெயரில் அங்கே விற்றார்கள். ஆகவே இடம் அல்ல என் கவலை. 50 குதிரைக்குச் செய்த பின்பக்க ஆக்ஸில், அதற்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரம், பிரேக், ஸ்டீயரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் 280-ஐ எப்படித் தாங்கும்? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அப்பாவின் வண்டியில் மிஞ்சுவது கதவும் பானெட்டும்தான். இதை நான் மனதார எதிர்க்கிறேன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன லாரிகள் செய்த சேதம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த ரோட்டில் அடிக்கடி போகிறவர், வண்டி எவ்வளவு வேகம் பிடிக்கும் என்பதற்கு முன்னால் எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும்.

குவாலிஸ் டீசல் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு. அது நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் இன்ஜின், உழைக்கும், பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் 2.4 லிட்டர் இருந்தும் சக்தி சுமார் 75 குதிரைதான். எடையோ அதிகம். மூக்கு கனத்தால் அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்து வளைவுகளில் வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளும். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. டயரின் சுற்றளவு 1.85 மீட்டர் என்றால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 900 முறை சுற்றும். கிரவுன் விகிதம் 4 (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் நாலு சுற்று), டாப் கியர் நேரடி (இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகம்) என்று வைத்தால் இன்ஜின் 3,600 சுற்றில் ஓடும். பெட்ரோலுக்கு அது சாதாரணம். பழைய டீசல் அங்கே கத்திக்கொண்டே வரும். ஆகவே கிரவுனையும் மாற்ற வேண்டும் அல்லது ஐந்தாவது கியர் வேண்டும். நீங்கள் கேட்டதோ ஸ்போர்ட்ஸ் கார். டீசலால் அந்த ஆசை தீராது.

அப்புறம் காகிதம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் சொன்ன விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1.5-ஐ எடுத்து 1.8 போட்டாலும் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் சி.சி.யும் மாறுகிறது. ஆகவே இன்ஜின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். நிறுவனமே இதே மாடலில் போட்டு விற்ற இன்ஜின் என்பது உங்கள் பக்கம் நிற்கும் வாதம். 2ஜேஇசட்டுக்கு அந்த வாதம் கிடையாது. இன்ஜினுக்குப் பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்ற சான்று, இவை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று அவர்கள் கையை விரிப்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் 1.5-இன் சிலிண்டரையே கடைந்து (போர் செய்து), அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்ட் செய்து ஓட்டுங்கள். நன்றாகக் கட்டிய 1.5, பாதியில் நிற்கும் 2ஜேஇசட்டைவிட மேல்.

பழைய இன்ஜினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி வீட்டில் வையுங்கள். அது அந்த வண்டியோடு பிறந்தது.

பிரீமியர் பத்மினி காரில் ஸ்விஃப்ட் இன்ஜின் போட முடியுமா? ஒரு ஸ்விஃப்ட் விபத்து வண்டி மலிவாக வருகிறது.
– வாசகர், ஓசூர்

வேண்டாம். ஸ்விஃப்ட்டில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அந்த கியர் பாக்ஸால் பத்மினியின் பின் ஆக்ஸிலுக்குச் சக்தி அனுப்ப வழியில்லை. நீளவாக்கில் இருக்கும் இன்ஜின் வேண்டுமென்றால் ஈக்கோ, ஜிப்ஸி பக்கம் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே சொன்ன சட்டம் அப்படியே பொருந்தும். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதைச் சீர்செய்யாமல் சக்தியைக் கூட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சில மாதமாகக் காருக்குள் பெட்ரோல் வாடை. கார்புரேட்டர் வண்டி. இன்ஜின் மாற்ற வேண்டுமா?
– வாசகர், தருமபுரி

இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் அதில் ஊறி உப்பிப் போகும், விரிசல் விடும், கசியும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். எத்தனாலுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கார்புரேட்டர் தானாக அதைச் சரிசெய்துகொள்ளாது, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை பென்னாகரம் ரோட்டிலாவது ஒரு சுற்று ஓட்டுங்கள். வாடை நிற்கும்வரை வண்டியைப் பூட்டிய ஷெட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.